அரைச் சவரனும் பதினாறாயிரத்து எண்ணூறும்

தமிழக அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநராகவோ நடத்துநராகவோ இருக்கும் ஒருவருக்கு 2023 தீபாவளிக்கு அதிகபட்சமாகக் கிடைத்த போனஸ் 16,800 ரூபாய். 2024இலும் அதே தொகை. 2025இலும் அதே. போனஸ் கணக்குக்கு மாதச் சம்பளம் 7,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறார்கள். பன்னிரண்டு மாதத்துக்குப் பெருக்கி, அதில் 20 சதவீதம் போட்டால் 16,800தான் வரும். கையில் வாங்குகிற சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்கு இதுதான்.

இதே மூன்று தீபாவளிகளில் சென்னையில் ஒரு சவரன் ஆபரணத் தங்கம் விற்ற விலை: முதல் வருடம் 45 ஆயிரத்தை ஒட்டி, இரண்டாம் வருடம் 59 ஆயிரத்தைத் தாண்டி, மூன்றாம் வருடம் 95 ஆயிரத்துக்கும் மேல்.

அந்த ஓட்டுநரின் மகளுக்கு 2025இல் தலைத் தீபாவளி என்று வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளைக்கு அரைச் சவரனில் ஒரு மோதிரம். தங்கத்துக்கு மட்டும் 47,500 ரூபாய்க்குக் குறையாது. செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்தால் ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிடும். மூன்று வருட போனஸைக் கூட்டினால் 50,400. மூன்று தீபாவளியும் ஒரு விரலில் ஏறிவிட்டது. வேட்டி சட்டை, பட்டுப்புடவை, இனிப்பு, பட்டாசு, சம்பந்தி வீட்டுக்கான துணிமணி எல்லாம் இனிமேல்தான்.

இங்கேதான் ஒரு விசித்திரம் இருக்கிறது. சம்பளம் ரூபாயில் வருகிறது, மரபு கிராமில் நிற்கிறது. பத்து வருடங்களுக்கு முன்பு, 2015 தீபாவளி சமயத்தில், சவரன் விலை 20 ஆயிரத்தை ஒட்டி இருந்தது. அப்போது அரைச் சவரன் என்றால் பத்தாயிரம் ரூபாய். "அரைச் சவரன் போட்டாங்க" என்று அன்று ஊர் சொன்ன அந்த வார்த்தையைத்தான் இன்றும் காப்பாற்றப் பார்க்கிறார்கள். அன்றைய பத்தாயிரத்தைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு அதற்கு வேண்டியிருக்கிறது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அரைச் சவரன் என்பதை எந்தச் சட்டமும் எழுதிவைக்கவில்லை. சட்டம் எழுதிவைத்திருப்பது வேறு. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டம், கல்யாணத்தின்போது வழக்கப்படி கொடுக்கும் அன்பளிப்புகளை அனுமதிக்கும்போதே, அவை கொடுப்பவரின் பொருளாதார நிலைக்கு மீறியதாக இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. கொடுப்பவரின் நிலைக்கு என்றுதான் இருக்கிறது, வாங்குபவரின் கௌரவத்துக்கு என்று இல்லை.

பண்டிகைச் சிக்கனம் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் கடைவாசலில் ஆரம்பித்துக் கடைவாசலிலேயே முடிந்துவிடும். எந்தக் கடையில் எத்தனை சதவீதம் தள்ளுபடி, எந்த அட்டையைத் தேய்த்தால் எவ்வளவு திரும்பி வரும் என்ற ரகம். அவற்றைத் தள்ளிவிட வேண்டியதில்லை. கடையிலும் மிச்சம் பிடிக்கலாம்.

இனிப்புக் கடையையே எடுத்துக்கொள்ளலாம். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, கூட்டம் நெரியும் நேரத்தில், கடைப் பையன் அட்டைப் பெட்டியைத் தராசில் வைத்து, அதற்குள் மைசூர்பாகை அடுக்குகிறான். முள் ஒரு கிலோவைத் தொட்டதும் மூடிவிடுகிறான். மேலே பளபளப்புத் தாள், ஒரு ரிப்பன். காலிப் பெட்டியை முதலில் வைத்துத் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தானா என்று யார் பார்த்தது? பெட்டியின் எடை 80 கிராம் என்று வைத்தால், கிலோ 900 ரூபாய் விற்கும் நெய் இனிப்பில் 72 ரூபாய் அட்டைக்குப் போகிறது. பத்துப் பெட்டி வாங்குகிறவர் 720 ரூபாய்க்கு அட்டை தின்கிறார். பொருளின் நிகர எடைக்குத்தான் காசு வாங்க வேண்டும் என்பது சட்டம். எடையளவு விதிகளைக் கவனிப்பது தமிழகத்தில் தொழிலாளர் துறையின் வேலை. பண்டிகைக்கு முன்பு அவர்கள் இனிப்புக் கடைகளில் சோதனை போடுவதும் உண்டு. ஆனால் தராசுக்கு முன்னால் நிற்பவர் வாய் திறந்து கேட்பதைவிடப் பெரிய சோதனை கிடையாது. 2020 அக்டோபர் 1 முதல், தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைத்தாக வேண்டும். அதையும் படித்துவிட்டு வாங்கினால், பால் இனிப்பு நாலு வீடு சுற்றிப் புளித்துப்போகாமல் தப்பும்.

துணிக்கடையில் கவனிக்க வேண்டிய கோடு 2,500 ரூபாய். 2025 செப்டம்பர் 22இல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியதிலிருந்து, 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு 5 சதவீத வரி, அதைத் தாண்டினால் 18 சதவீதம். வரிக்கு முன் 2,400 ரூபாய் விலையுள்ள சுடிதார் 2,520 ரூபாய்க்கு வரும். 2,600 ரூபாய்ச் சுடிதார் 3,068 ரூபாய் ஆகிவிடும். விலையில் இருநூறு ரூபாய்தான் வித்தியாசம், பில்லில் 548.

பட்டாசு விலைப்பட்டியலைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. '80 சதவீதத் தள்ளுபடி' என்று தலைப்பிலேயே போட்டிருப்பார்கள். நூறு ரூபாய்ப் பொருளை இருபதுக்கு விற்று யாரும் சிவகாசியில் ஆலை நடத்த முடியாது. முதலில் ஐந்து மடங்கு விலையை எழுதி, பிறகு அடித்துக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். சதவீதத்தை மறந்துவிட்டு, கடைசியில் கொடுக்கும் ரூபாயை மட்டும் இரண்டு கடைகளில் ஒப்பிட்டுப் பார்ப்பவரே கெட்டிக்காரர். இணையத்தில் பட்டாசு விற்பதை உச்ச நீதிமன்றம் 2018லேயே தடை செய்துவிட்டது. அதனால் கைப்பேசியில் வரும் மலிவு விளம்பரத்துக்கு முன்பணம் அனுப்பிவிட்டுப் பார்சலுக்குக் காத்திருப்பது வீண்.

துணியில் உண்மையான மலிவு வேண்டுமென்றால் காலத்தையோ இடத்தையோ மாற்ற வேண்டும். ஆடித் தள்ளுபடி பிறந்ததே, கல்யாணம் இல்லாத மாதத்தில் கடைக்கு ஆள் வராததால்தான். தீபாவளிக்குக் கொடுக்க வேண்டிய வேட்டி, துண்டு, சேலைகளை ஆடியிலேயே வாங்கிப் பீரோவில் வைத்தால் யார் வேண்டாம் என்பது? ஈரோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கனி மார்க்கெட் வாரச்சந்தை இருக்கிறது. திருப்பூர்க்காரர்களுக்குக் காதர்பேட்டை. மதுரையில் தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி விளக்குத்தூண் பக்கம் விடிய விடிய நடக்கும் தரைக்கடை வியாபாரத்துக்கென்றே காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. நேரம் ஏற ஏற விலை இறங்கும். நல்ல நிறமும் அளவும் அதற்குள் போயிருக்கும் என்பது வேறு விஷயம். கோ-ஆப்டெக்ஸ் 1935இலிருந்து இருக்கிறது. பண்டிகைக் காலத்தில் 30 சதவீதத் தள்ளுபடி தருகிறது. மாதத் தவணையாகக் கட்டி வந்தால் கடைசித் தவணையை நிறுவனமே போட்டுக்கொள்ளும் சேமிப்புத் திட்டமும் அதில் உண்டு. நெய்கிறவருக்கும் போய்ச் சேரும் காசு அது.

இத்தனையும் சரியாகச் செய்கிற சாமர்த்தியசாலிக்கு ஒரு தீபாவளியில் இரண்டாயிரமோ மூவாயிரமோ மிஞ்சலாம். மோதிரத்துக்கு முன்னால் அது எம்மாத்திரம்? பணம் போகும் ஓட்டை கடையில் இல்லை, யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதுகிற பட்டியலில் இருக்கிறது.

நவராத்திரி கொலுவுக்குப் போய்வந்த வீடுகளில் ரவிக்கைத் துணி என்ன ஆகிறது என்று பார்த்தாலே புரியும். எண்பது சென்டிமீட்டர் துணி, கண்ணாடிக் காகித உறைக்குள் மடித்தபடி. வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு 'வச்சுக் கொடுத்த'து. வாங்கியவர் அதைத் தைத்துப் போட்டுக்கொள்வதில்லை. எந்தப் புடவைக்கும் அந்த நிறம் சேராது. அலமாரியில் அதற்கென்று ஒரு தட்டு இருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை வரும் சுமங்கலிக்கு அதிலிருந்து ஒன்று. அவர் வீட்டிலும் அப்படியொரு தட்டு. சில துணிகள் இரண்டு வருடம் ஊர் சுற்றிவிட்டு, உறையின் மூலையில் பேனாவால் போட்ட பழைய விலைக்குறியோடு, கிளம்பிய வீட்டுக்கே வந்து சேர்ந்த கதைகளைச் சொல்லிச் சிரிக்காத பெண்கள் குறைவு. தீபாவளி இனிப்புப் பெட்டியும் அடுக்ககங்களில் இப்படித்தான் மாடி மாடியாக ஏறி இறங்குகிறது. யாருக்கும் நஷ்டமில்லை என்று தோன்றும். ஆனால் ஒவ்வொருவரும் கடைக்குப் போய் ஒரு தடவை காசு கொடுத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இதைக் கணக்கே போட்டுப் பார்த்தார் ஒருவர். பொருளாதார ஆசிரியர் ஜோயல் வால்ட்ஃபோகல், யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம், கிறிஸ்துமஸுக்கு வந்த பரிசுக்கு நீங்களே காசு போடுவதென்றால் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டார். 1993இல் வெளிவந்த அவருடைய கட்டுரைப்படி, பரிசின் விலையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வாங்கியவர் கணக்கில் காணாமல் போயிருந்தது. நெருங்கிய நண்பர்கள் கொடுத்ததில் இழப்பு குறைவு. அத்தை, மாமா, தாத்தா, பாட்டி போன்றோர் கொடுத்த பொருளில் அதிகம். அதனாலோ என்னவோ தாத்தா பாட்டிகள் பணமாகவே கொடுத்துவிடுவது அங்கேயும் அதிகமாம்.

பணமாகக் கொடுப்பதில் தமிழர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மொய்க் கவர் இருக்கிறது. அதில் ஒட்டியே வரும் ஒரு ரூபாய் நாணயமும் இருக்கிறது. ஆனால் மொய்க்கு நோட்டும் உண்டு. புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களின் மொய் விருந்துகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அங்கே அது வட்டியில்லாக் கடன், வாங்கியதற்கு மேல் போட்டுத் திருப்ப வேண்டும். தொழில் தொடங்கவும் வீடு கட்டவும் உதவுகிற ஏற்பாடு அது, அதன் நியாயம் தனி. தீபாவளிக்குத் தங்கை பிள்ளையின் கையில் வைக்கிற ஐந்நூறு ரூபாயையும் அந்த நோட்டில் எழுதத் தொடங்கினால்தான் வம்பு. போன வருடம் அவர்கள் ஆயிரம் கொடுத்தார்கள், நாம் ஆயிரத்து ஐந்நூறாவது கொடுக்க வேண்டாமா என்ற கேள்வி வந்துவிட்டால், அந்த ஏணிக்கு மேல்படி கிடையாது.

ஏணியில் ஏற முடியாதவர்கள்தான் தீபாவளிச் சீட்டில் போய் விழுகிறார்கள். மாதம் ஆயிரம் ரூபாய், பன்னிரண்டு மாதம். முடிவில் வண்ணக் காகிதத்தில் அச்சடித்த பட்டியல்: தங்கக் காசு, வெள்ளி விளக்கு, பித்தளைப் பாத்திரம், மளிகை, இனிப்பு, பட்டாசுப் பெட்டி. வங்கியில் அதே ஆயிரத்தை மாதாமாதம் தொடர் வைப்பாகப் போட்டால், 6.5 சதவீத வட்டிக்கு வருட முடிவில் கிடைக்கும் லாபம் சுமார் 425 ரூபாய். அப்படியிருக்க, 12,000 கட்டியவருக்கு 16,000 ரூபாய்க்குப் பொருள் தருகிறேன் என்பவர் மீதி மூவாயிரத்துச் சொச்சத்தை எங்கிருந்து கொண்டுவருவார்? தெரிந்த மளிகைக்காரர் மொத்த விலைக்குக் கொள்முதல் செய்து அந்த லாபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார் என்றால் நம்பலாம். முகம் தெரியாத நிறுவனம் கிராமத்துக்கொரு முகவரை வைத்து வசூலிக்கிறது என்றால், புதிதாகச் சேர்கிறவரின் பணம்தான் பழையவருக்குப் பரிசாகிறது. திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு பகுதியில் சில ஆண்டுகளுக்கு முன் ஆயிரக்கணக்கானோர் இப்படிக் கட்டி ஏமாந்து காவல் நிலைய வாசலில் நின்றார்கள். முகவராக இருந்த பெண்கள் பாடு இன்னும் மோசம். பணம் போனது நிறுவனத்துக்கு, வாசலில் வந்து கத்தியது பக்கத்து வீட்டுக்காரர். ஊரில் வைப்புத்தொகை வாங்கி ஏமாற்றுவதைத் தண்டிக்கத் தமிழகத்தில் 1997 முதலே சட்டம் இருக்கிறது. ஒழுங்குமுறைக்குள் வராத வைப்புத் திட்டங்களை அடியோடு தடை செய்யும் மத்தியச் சட்டம் 2019இல் வந்தது. பணம் போன பிறகு சட்டம் வந்து நிற்கும். பணம் திரும்பி வருவது வேறு கதை.

ஆனாலும் சீட்டு கட்டுகிறவர்களை முட்டாள்கள் என்று சொல்வது அநியாயம். வாரம் 250 ரூபாயை வீட்டுத் திண்ணைக்கு வந்து வாங்கிக்கொள்ள எந்த வங்கிக்காரரும் தயாராக இல்லை. கையில் இருந்தால் செலவாகிவிடும் என்ற பயம் நியாயமான பயம். தீபாவளி முடிந்த மறுவாரமே சம்பளக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும்படி ஒரு வருடத் தொடர் வைப்பு தொடங்கிவிட்டால் அந்தப் பயம் பாதி தீர்ந்துவிடும். அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். ஆனால் அங்கே காலம் ஐந்து வருடம், மூன்று வருடத்துக்கு முன் முடித்துக்கொள்ள முடியாது. அடுத்த தீபாவளிக்கு அது உதவாது. மளிகை, பலகாரம் என்றால், பல ஊர்களில் ஊழியர் சங்கங்களும் குடியிருப்பு சங்கங்களும் செய்வதுபோல, ஒரு சமையல் மாஸ்டரை வைத்து மண்டபத்தில் மொத்தமாகப் போட்டு அடக்க விலைக்குப் பங்கிட்டுக்கொள்ளலாம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டுதான்.

பட்டியலைச் சுருக்கும் வித்தை ஒன்று சென்னைக் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. டிசம்பர் பிறந்தால் 'கிறிஸ் மாம், கிறிஸ் சைல்டு' என்று சீட்டுக் குலுக்குவார்கள். யார் பெயர் வருகிறதோ அவருக்கு மட்டும் பரிசு. இருநூறு ரூபாயைத் தாண்டக் கூடாது என்று முன்கூட்டியே பேசிவைப்பார்கள். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் குஷியாகச் சேர்ந்துகொள்கிற விளையாட்டு. நாலு அண்ணன் தம்பி, இரண்டு அக்கா தங்கை உள்ள குடும்பத்தில் தம்பதிகளாகப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரும் மற்ற பதினொருவருக்கும் துணி எடுத்தால் 132 துணி. சீட்டுக் குலுக்கினால் பன்னிரண்டு. குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் இந்தக் கணக்கு வேண்டாம், அவர்களுக்குத் தனியாகவே எடுக்கலாம். வாட்ஸாப் குழுவில் பத்து நிமிட வேலை.

அந்தப் பத்து நிமிடத்தைத்தான் யாரும் செலவழிக்க மாட்டார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. "இந்த வருஷம் வேண்டாமே" என்று கொடுக்கிறவர் சொன்னால் கஞ்சத்தனம், கையில் இல்லை என்ற ஒப்புதல். பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பா அதை எந்தக் காலத்திலும் சொல்ல மாட்டார். சொன்னால் மகள்தான் அங்கே பேச்சு வாங்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பத்து வட்டிக்கு வாங்குவார், அதாவது நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய். அல்லது கடன் அட்டையைத் தேய்த்துவிட்டு, பாக்கிக்கு மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டுவார். மோதிரத்தை மட்டும் அரைச் சவரனுக்குக் குறைக்க மாட்டார்.

ஆகவே வாங்குகிறவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். வேண்டாம் என்ற சொல்லுக்கு அவர் வாயிலிருந்து வந்தால்தான் மரியாதை. "மோதிரமெல்லாம் எதுக்கு சம்பந்தி, பிள்ளைங்க ரெண்டு பேரும் வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்று மாப்பிள்ளையின் அம்மா ஒரு போன் போட்டால், ஒரு குடும்பத்தின் மூன்று வருட போனஸ் தப்பிக்கும். "தம்பி, பீரோல புடவை வைக்க இடமில்லடா, இந்தத் தடவை எடுக்காதே" என்று அக்கா சொல்லலாம். ஆனால் அதைத் தீபாவளிக்கு முதல் வாரம், அவன் கடைக்குப் போய்வந்த பிறகு சொல்லிப் பயனில்லை. சொல்லிவிட்டு, மனதுக்குள் எதிர்பார்த்துக் காத்திருக்கவும் கூடாது. தீபாவளிக்கு மறுநாள் "என்ன போட்டாங்க?" என்று கேட்கும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். வீட்டு வேலைக்கு வருகிற அம்மா, தெருவைக் கூட்டுகிற தூய்மைப் பணியாளர், அடுக்ககக் காவலாளி ஆகியோருக்குப் பதினோரு மாதம் கழித்துக் கிடைக்கிற கூடுதல் காசு இது ஒன்றுதான். அவர்கள் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை, எந்த நோட்டிலும் எழுதப்போவதில்லை. பட்டியலில் முதலில் அடிபடுவது இவர்கள் பெயராகவும், கடைசி வரை தப்புவது வேறு வீட்டுக்குத் தள்ளிவிடப்படும் இனிப்புப் பெட்டியாகவும் இருப்பது என்ன கணக்கு என்று தெரியவில்லை. அவர்களுக்கு எஞ்சிய பலகாரத்தைப் பொட்டலம் கட்டித் தருவதற்குப் பதில் கவரில் பணமாக, பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். அவர்களும் கடைக்குப் போக வேண்டும்.

2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஆடி பிறப்பது ஜூலை 17. ஆடியில் புதுக் காரியம் எதுவும் பேசக் கூடாது என்பார்கள். மோதிரம் வேண்டாம் என்று சொல்வதற்கு அந்த விதி பொருந்தாது. இந்த வருடம் மகனுக்குத் தலைத் தீபாவளி என்றால், சம்பந்தி நகைக்கடைக்குள் நுழைவதற்கு முன்பே அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.